எண்ணா? கண்ணா? – ‘கண்ணே’ அணியில் நான் பேசியது

(எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் ஆண்டு விழாவில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘ஊர்ப் பள்ளிக்கூடத்தின் தரத்தை அறியப் பெரிதும் உதவுவது எண்ணா? கண்ணா?’ பேசியதைப் பேச்சு நடையிலேயே தருகிறேன்.)

நடுவர் ஐயா அவர்களே, எதிரில உட்கார்ந்து இவ்வளவு நேரம் எண்ணா கொட்டின அண்ணன்மாரே, தங்கச்சியே, பாய் விரிச்சு முன்னாடி உட்கார்ந்திருக்கிற பிள்ளைங்களே, மதில் மேல உட்கார்ந்திருக்கிற இளவட்டங்களே, எல்லாருக்கும் வணக்கம்.

முதல்லயே ஒன்னை ஒத்துக்கிறேன். நான் சோறு சாப்பிடறதே எண்ணாலதான். கூட்டுறவுக் கடன் சங்கத்துல எழுத்தர் வேலை. காலையில உட்கார்ந்தா பயிர்க்கடன், நகைக்கடன், வட்டி, தவணைன்னு சாயங்காலம் வரைக்கும் எண்ணோடதான் குடித்தனம். அதனால எண் மேல எனக்கு ஒரு கோவமும் கிடையாது. எண்ணு எதைச் சொல்லும், எதைச் சொல்லாம மழுப்பும்னு கொஞ்சம் தெரியும்.

எதிரணித் தலைவர் அண்ணன் ஒரு போடு போட்டாங்க. “கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள இருக்கான்னு மெஷின் வெச்சுப் பாருங்கன்னு நாமதான் சண்டை போடறோம். கண்ணால பார்த்துட்டு ‘ஈரமா இருக்கு, எடுத்துட்டுப் போ’ன்னா விடுவோமா? நெல்லுக்கு ஒரு நியாயம், பிள்ளைக்கு ஒரு நியாயமா?”ன்னு கேட்டாங்க. நீங்கள்லாம் கைதட்டினீங்க. நானும்தான் தட்டினேன்.

அண்ணே, அந்த மெஷின் நெல்லுல தண்ணி எவ்வளவுன்னு சொல்லும். வடிச்சா சோறு குழையுமா, உதிரியா விழுமான்னு சொல்லுமா? அதுக்குள்ள போறது ஒரு பிடி நெல்லு. எந்த மூட்டையில குத்தூசி விடறது, மேல விடறதா அடியில விடறதான்னு முடிவு பண்றது ஒரு ஆளு. அந்த ஆளை நம்பாமத்தானே மூட்டைப் பக்கத்துலயே துண்டை விரிச்சு ராத்திரியெல்லாம் காவல் கிடக்குறீங்க? உங்க எண்ணுக்கு முன்னாடி போய் நிக்கிறது உங்க கண்ணுதான்.

அடுத்து வந்த தங்கச்சி புள்ளியியல் படிச்சவங்க. தேசிய அடைவுத் தேர்வு, அசர் அறிக்கைன்னு அடுக்கினாங்க. நல்லது. 2021 நவம்பர் 12ந் தேதி நாடு முழுக்க 3, 5, 8, 10ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அடைவுத் தேர்வு நடந்துச்சு. சில பள்ளிக்கூடத்தைத் தேர்ந்தெடுத்து, அதுல சில பிள்ளைங்களைத் தேர்ந்தெடுத்து நடத்தினது. அசர்காரங்க கிராமத்து வீட்டுக்கே வந்து பிள்ளை கையில ரெண்டாம் வகுப்புப் பத்தி ஒன்னைக் குடுத்து வாசிக்கச் சொல்றாங்க. ரெண்டுமே வேண்டிய வேலைதான். ஆனா அதுல வர்றது மாநிலத்துக் கணக்கு, மாவட்டத்துக் கணக்கு. நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குன்னு அதுல ஒரு வரி கிடையாது. டெல்டாவுல சராசரி மழை நல்லா பெஞ்சுதுன்னு பேப்பர்ல போட்டிருந்தா, கடைமடையில காய்ஞ்சு கிடக்குற என் வயலுக்குத் தண்ணி வந்துடுமா தங்கச்சி?

“சரி, பள்ளிக்கூட அளவுலயே எண் எடுப்போம்”னு சொல்வீங்க. எடுங்க. நம்ம பள்ளியில மொத்தம் 37 பிள்ளைங்க. அஞ்சாம் வகுப்புல 8 பேரு. அதுல ஒரு பையன், வாத்து மேய்க்கிற குடும்பம். குறுவை அறுத்த வயலைத் தேடி அப்பா அம்மா கிளம்பினா அவனும் பின்னாடியே போயிடுவான். நல்லா வாசிக்கிற பையன். பரிட்சை அன்னைக்கு அவன் வரலைன்னா வகுப்போட கணக்கு நூத்துக்குப் பன்னெண்டரை இறங்குது. அடுத்த வாரம் வந்துட்டான்னா பன்னெண்டரை ஏறுது. இந்த ஒரு வாரத்துல பள்ளிக்கூடம் கெட்டும் போச்சு, திருந்தியும் போச்சு! எட்டுப் பேர் இருக்கிற வகுப்புல ஒரு பிள்ளைக்குச் சளி பிடிச்சாலே சதவீதத்துக்குக் காய்ச்சல் வந்துடும்.

தேர்ச்சி விழுக்காடு பத்திப் பேசவே வேண்டாம். தமிழ்நாட்டுல எட்டாவது வரைக்கும் யாரையும் ஃபெயில் போடறது இல்ல. எல்லாப் பள்ளிக்கும் நூத்துக்கு நூறு. அதை வெச்சு எதைப் பிரிச்சுப் பார்ப்பீங்க?

இப்ப நான் கொஞ்சம் நின்னு பேச வேண்டிய எண் ஒன்னு இருக்கு. மூணாவதா பேசின அண்ணன் பெருமையாச் சொன்னாரு: “கல்வி உரிமைச் சட்டம் 30 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர்னு சொல்லுது. நம்ம பள்ளியில பதினெட்டரைப் பிள்ளைக்கு ஒருத்தர். சட்டம் கேட்டதை விட நல்லா இருக்கோம்.”

கணக்கு சரி. 37 பேரை ரெண்டால வகுத்தா பதினெட்டரை. 60 பிள்ளை வரைக்கும் ரெண்டு ஆசிரியர்னு அதே சட்டம் சொல்லுது, ரெண்டு பேர் இருக்காங்க. ஆனா வகுப்பு எத்தனைண்ணே? அஞ்சு! அஞ்சு வகுப்பு, ரெண்டு பேரு. ஒரு டீச்சருக்கு ரெண்டரை வகுப்பு. அந்த அரை வகுப்பு எதுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியலை. ஹெச்.எம். டீச்சருக்கு வட்டார வள மையத்துல பயிற்சின்னு ஓலை வந்தா அன்னைக்கு ஒருத்தருக்கு அஞ்சு வகுப்பு. வாக்காளர் பட்டியல் வேலை வந்தாலும் அப்படித்தான். பள்ளிக்கூட விவரமெல்லாம் பதியற அரசு இணையதளம் இருக்கே, எமிஸ், அதுல ஏத்துறதுக்குச் சிக்னல் வரலைன்னு போனைத் தூக்கிக்கிட்டு வேப்பமரத்தடிக்குப் போற அரை மணி நேரத்துல, உங்க பதினெட்டரை நேரா 37 ஆயிடுது. இது எந்தப் படிவத்துல வருது? அந்தப் படிவத்தை ஏத்துறதுக்குத்தானே அவங்க வேப்பமரத்தடிக்கே போனாங்க!

அந்த மாதிரி ஒரு நாள்ல நான் உள்ள போய் உட்கார்ந்திருக்கேன். மகளைச் சேர்க்கிறதுக்கு முன்னாடி, தனியார் பள்ளி வேனா, நம்ம ஊர்ப் பள்ளிக்கு நடையான்னு வீட்டுல ஒரு மாசம் சண்டை. நேர்ல பார்த்துடுவோம்னு ஒரு நாள் லீவு போட்டுட்டு வந்தேன். ஒரே டீச்சர். ஒன்னு, ரெண்டு, மூணாம் வகுப்புப் பிள்ளைங்களைக் கலந்து அரும்பு, மொட்டு, மலர்னு மூணு வட்டமா உட்கார வெச்சிருந்தாங்க. 2022ல வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துல அப்படித்தான், எந்த வகுப்புன்னு பார்க்காம எந்த நிலையில வாசிக்குதுன்னு பார்த்து உட்கார வைக்கணும். நாலாம் வகுப்பு வெளித் திண்ணையில கணக்குப் போடுது. அஞ்சாம் வகுப்புப் பொண்ணு ஒன்னு அரும்பு வட்டத்துல உட்கார்ந்து ‘ழ’வுக்கும் ‘ள’வுக்கும் நாக்கு எங்க போகுதுன்னு தன் வாயைத் திறந்து காட்டுது. டீச்சர் மூணு வட்டத்தையும் சுத்தி வர்றாங்க, திண்ணையில ஒரு காது. யாரும் சும்மா இல்ல. நான் ஒருத்திதான் சும்மா இருந்தேன். இது எமிஸ்ல ஏறலை. ஏத்தினா எந்தக் கட்டத்துல ஏத்துவீங்க?

இதே பதினெட்டரை இருக்கிற இன்னொரு பள்ளியில, டீச்சர் ஒருத்தர் இல்லைன்னா மூணு வகுப்பு பல்லாங்குழி ஆடும். எண் ஒன்னுதான். பார்த்தாதான் தெரியும் வித்தியாசம்.

பார்க்கிறதுன்னா சும்மா எட்டிப் பார்க்கிறது இல்லைங்க. அதுக்கும் ஒரு பக்குவம் வேணும். முதல் தடவை நானே ஏமாந்திருக்கேன். எங்க அக்கா மகன் ரெண்டாவது படிக்கிறப்ப பாடப் புத்தகத்தைக் குடுத்து வாசிடான்னேன். கடகடன்னு ஒப்பிச்சான். எனக்கு ஒரே பூரிப்பு. அப்புறம் பார்த்தா விரல் முதல் வரியிலயே நிக்குது, வாய் ஆறாவது வரியில ஓடுது! புத்தகத்தைத் தலைகீழாக் குடுத்தாலும் அதே வேகத்துல ‘வாசிப்பான்’. அன்னைக்கு முடிவு பண்ணேன், இனிமே பாடப் புத்தகத்தைத் தொடக் கூடாதுன்னு. பிள்ளை பார்த்திராத எழுத்தைக் காட்டணும். எங்க சங்கத்துல யூரியா மூட்டைக்கா பஞ்சம்? மூட்டையில போட்டிருக்கிறதைக் காட்டி வாசிக்கச் சொல்லுவேன். எழுத்துக் கூட்டி மெதுவா வாசிச்சாலும் பரவாயில்ல, அது வாசிப்பு. “மூட்டையில எத்தனை கிலோடா?”ன்னா “45”ன்னு சொல்ற பிள்ளை எழுத்தைப் பார்த்துச் சொல்லுது. “50”ன்னு சொல்ற பிள்ளை தாத்தா சொன்னதைச் சொல்லுது!

நோட்டை வாங்கிப் பாருங்க. ஜூன் மாசம் எழுதினதையும் ஜனவரி மாசம் எழுதினதையும் பக்கத்துல பக்கத்துல வையுங்க. தப்பான விடைக்கும் டிக் விழுந்திருந்தா சிவப்பு மை மட்டும்தான் படிச்சிருக்குன்னு அர்த்தம். அப்புறம், அன்னைக்கு வராத பிள்ளை ஒன்னு ஏன் வரலைன்னு டீச்சரைக் கேளுங்க. “ஆப்சென்ட்”னு சொன்னா ஒரு பள்ளிக்கூடம். “அவங்க அம்மா நடவுக்குப் போயிருக்காங்க, தம்பியைப் பார்த்துக்க வீட்டுல இருக்கா, மத்தியானம் ஆள் அனுப்பணும்”னு சொன்னா அது வேற பள்ளிக்கூடம்.

சாப்பாடும் அப்படித்தான். 2023 ஆகஸ்ட் 25ந் தேதி, நம்ம திருக்குவளையிலதான் காலை உணவுத் திட்டத்தை எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் விரிச்சாங்க. அதுக்கப்புறம் காலையில வெறும் வயித்தோட வர்ற பிள்ளைங்க சுருண்டு படுக்கிறது நின்னுச்சு. பதிவேட்டுல “37 பேர் உண்டனர்”னு இருக்கும். எத்தனை தட்டுல உப்புமா மிச்சம்னு கை கழுவுற இடத்துல நின்னாத் தெரியும். சரி, இதை விடுங்க, நேரம் ஓடுது.

“சேர்க்கை குறையுதே, ஜனங்களே எண்ணால தீர்ப்புச் சொல்லிட்டாங்களே”ன்னு ஒரு கேள்வி. குறையுது, இல்லைங்கலை. இந்த ஊருல கல்யாணம் ஆன சோடியில பாதி திருப்பூர்லயும் சிங்கப்பூர்லயும் இருக்கு. பிறக்கிற பிள்ளையே கம்மி. மிச்சத்துல பாதியை மஞ்ச வேன் வந்து அள்ளிக்கிட்டுப் போகுது. வேனுக்கு அனுப்பின எத்தனை பேரு அங்க வகுப்பறைக்குள்ள போய்ப் பார்த்தீங்க? ஷூவையும் டையையும் பார்த்தோம். அது கண் இல்லைங்க, கண்ணாடி. நம்மளையே பார்த்துக்கிட்டோம்.

கூட்டம் சேர்ந்தா நல்ல பள்ளின்னு சொல்றவங்களுக்கு ஒன்னே ஒன்னு சொல்லணும், தயங்கித்தான் சொல்றேன். 2004 ஜூலை 16. கும்பகோணம். அது ஒன்றியப் பள்ளி இல்ல, தனியார் நிர்வாகம். சேர்க்கைக்குக் குறைவே இல்லாத கட்டடம். மேல ஓலைக் கூரை, கீழ இறங்கக் குறுகின படி. தீப்பிடிச்சு நாம இழந்தது 94 பிள்ளைங்க. அன்னைக்குச் சேர்க்கையை வெச்சுத் தரம் போட்டிருந்தா என்ன போட்டிருப்போம்? அந்தக் கூரையைத் தினமும் பார்த்த கண்ணும் இருந்துச்சு, அது பேசலை. அதை என் அணிக்கு எதிராவே எழுதிக்குங்க ஐயா, நான் மறுக்கலை.

இன்னொன்னையும் மறுக்கலை. “கண்ணுக்குச் சாதி உண்டு, சொந்தம் உண்டு. நம்ம வாத்தியார்னா நல்ல வாத்தியார்னு சொல்லிடும்”னு தங்கச்சி சொன்னது வலிக்கிற உண்மை. அதனாலதான் ஒருத்தர் கண்ணை நம்பச் சொல்லலை. பள்ளி மேலாண்மைக் குழுவுல நாலுல மூணு பங்கு பெற்றோர் இருக்கணும், மொத்தத்துல பாதிப் பேர் பெண்களா இருக்கணும்னு சட்டமே வெச்சிருக்கு. மேலத் தெருக் கண்ணும் காலனித் தெருக் கண்ணும் ஒரே பெஞ்சுல உட்கார்ந்து ஒரே வகுப்பைப் பார்க்கட்டும். குழுக் கூட்டத்துல தீர்மான நோட்டை வீட்டுக்கே குடுத்து விட்டுக் கையெழுத்து வாங்கினா “வருகை: 20”னு எண் வந்துடும். கண்ணு ஒன்னு கூட வந்திருக்காது.

ராமானுஜனைக் கூட இழுத்தாங்க எதிரணியில. கும்பகோணத்துல வளர்ந்த பிள்ளை, 1897ல தொடக்கப் பள்ளித் தேர்வுல மாவட்டத்துலயே முதல்னு. ஆமா. அதே கும்பகோணத்துல கல்லூரிக்குப் போய், மத்தப் பாடத்துல மார்க் இல்லைன்னு உதவித்தொகையைப் பறி கொடுத்ததும் அவருதான். மூளை ஒன்னு, மார்க் ரெண்டு. எதை எடுத்துக்கிறது?

என்னங்கய்யா, மணியில கை வெச்சுட்டீங்க? ரெண்டே நிமிஷம்.

பக்கத்து ஒன்றியத்துல ஒரு பள்ளி. பேரு வேண்டாம். படிவத்துல ‘பெண்கள் கழிப்பறை: உண்டு. பயன்பாட்டில் உள்ளதா: ஆம்’. எண்ணு சுத்தம். ஒரு விசேஷத்துக்குப் போனப்ப, வெளியில நின்ன நாலாம் வகுப்புப் பொண்ணுகிட்ட “தண்ணி குடிக்கிறியாம்மா?”ன்னு பாட்டிலை நீட்டினேன். வேண்டாம்னு தலையாட்டுச்சு. நல்ல வெயிலு. ஏன்னு கேட்டா, பேசவே இல்ல. பக்கத்துல நின்ன குட்டிப் பொண்ணுதான் சொல்லுச்சு: “சாவி பெரிய சார்கிட்ட இருக்கு. சார் மீட்டிங் போயிட்டாங்க.” கழிப்பறையைப் போய்ப் பார்த்தேன். காலையில பதினோரு மணி, வாளியில ஈரமே இல்ல. பூட்டு மட்டும் பளபளன்னு இருந்துச்சு.

மணி அடிச்சாச்சு, உட்கார்ந்துடறேன். எதிரணியில கடைசியாப் பேச வர்ற அண்ணன் இந்த மாவட்டத்துப் புள்ளிவிவரம் மொத்தத்தையும் கையில வெச்சிருக்காரு, நானும் பார்த்தேன். நம்ம பள்ளிக்கூடத்துக் கழிப்பறைச் சாவி இப்ப யார்கிட்ட இருக்குன்னு அதுல இருந்து படிச்சுச் சொல்லிட்டு அவரு பேச்சைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.