அறிவியல் மாறுதுன்னா, அதுல எது மாறுது?

வணக்கம் மக்களே. "அறிவியல்தான் மாறிக்கிட்டே இருக்கே, அதை எப்படி நம்புறது?"ன்னு அடிக்கடி என்கிட்ட கேக்குறாங்க. மாறுதுதான். ஆனா எது மாறுதுன்னு பார்க்கணும்ல? பதில் மட்டும்தான் மாறுதுன்னு நாம நினைச்சுக்கிறோம். சில சமயம் கேள்வியே மாறிடும்.

வானியலாளர் கெப்ளரை எடுத்துக்கோங்க. 1596-ல அவர் போட்ட புத்தகத்துல அவரை வாட்டின கேள்வி, கோள்கள் ஏன் சரியா ஆறு? பூமியையும் சேர்த்து அப்போ தெரிஞ்சது அவ்வளவுதான். கனசதுரம் மாதிரி, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற சீர் திண்மங்கள் அஞ்சுதான். அதுங்களை ஒன்னுக்குள்ள ஒன்னா அடுக்கி, அஞ்சு வடிவம் நடுவுல வந்தா ஆறு கோளுக்குத்தான் இடம்னு காரணம் சொன்னார். அவ்வளவு அழகான யோசனை அது! 1781-ல ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டுபிடிச்சார், ஆறு ஏழாச்சு. இன்னைக்கு அந்தக் கேள்வியை யாரும் கேக்குறதே இல்ல.

சொல்லுக்கான பொருளும் மாறும். 1801-ல கண்டுபிடிச்சப்போ செரஸ் ஒரு கோள். அப்புறம் சிறுகோள். 2006-லேர்ந்து குறுங்கோள். அது பாட்டுக்கு அதே பாதையிலதான் சுத்திக்கிட்டு இருக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அளவுகோல் மாறுற கதை. பாரிஸ் பக்கத்துல ஒரு பிளாட்டினம்-இரிடியம் உருளை இருக்கு. உயரம் 39 மில்லிமீட்டர், குறுக்களவும் அதே. உள்ளங்கையில அடங்கிடும். 1889-லேர்ந்து உலகத்துக்கே அதுதான் கிலோகிராம். கண்ணாடி மூடிக்குள்ள மூடி போட்டுப் பத்திரமா வச்சிருந்தாங்க. ஆனா அதோட நகல்களை அதோட ஒப்பிட்டப்போ, நூறு வருஷத்துல சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம். உருளை இளைச்சுதா, நகல் கனத்துதா? சொல்லவே முடியாது! ஏன்னா அந்த உருளை எவ்வளவோ, அதுதான் ஒரு கிலோ. வரையறைப்படி அது இளைக்கவே முடியாது. 2019 மே 20-லேர்ந்து, இயற்கையில எங்கேயும் மாறாத அளவான பிளாங்க் மாறிலிக்கு ஒரு மதிப்பை நிலையா வச்சு, அதுலேர்ந்து கிலோவை வரையறுக்கிறாங்க. இப்போ அந்த உருளையையே எடை போட்டு, "நீ எவ்வளவு?"ன்னு கேக்கலாம்.

எதை ஆதாரமா ஏத்துக்கிறதுங்கிறதும் மாறும். 1948-ல வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வுல, எந்தக் காசநோயாளிக்கு மருந்துன்னு டாக்டர் முடிவு பண்ணல. தற்செயல் எண்களை வச்சு முன்னாடியே எழுதி, மூடின உறைக்குள்ள வச்சுட்டாங்க. அனுபவமுள்ள டாக்டரோட கணிப்பைவிட அந்த உறையை நம்பினாங்க, யோசிச்சுப் பாருங்க.

எல்லாமே போயிடுதான்னா, இல்ல. புதன் கோளோட பாதை கொஞ்சம் கொஞ்சமா திரும்புது. அதுல நியூட்டன் கணக்குக்கு அடங்காத ஒரு மிச்சம் இருக்குன்னு 1859-ல பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே காட்டினார். பின்னாடி துல்லியமா அளந்தப்போ, நூறு வருஷத்துக்கு 43 வில்நொடி. முழுநிலா அகலத்துல நாப்பதுல ஒரு பங்குகூட வராது! அதுக்காக வல்கன்னு ஒரு கோளையே கற்பனை பண்ணித் தேடினாங்க. கிடைக்கல. 1915-ல ஐன்ஸ்டைன் ஈர்ப்புக்கே புது விளக்கம் கொடுத்தப்போ, அவர் கணக்குல வந்து விழுந்ததும் அதே 43.