கரைவலைப் பங்கும் யூடியூப் பங்கும்

வணக்கம் மக்களே. பாம்பனிலிருந்து பேசுகிறேன். கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது, தென்கடல் பக்கம் நிற்கவே முடியவில்லை. அதனால் வடகடல் கரைக்கு வந்துவிட்டேன். மைக்கில் பஞ்சு சுற்றியிருக்கிறேன். அதையும் மீறி இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் இரண்டு வரிசையாக ஆட்கள் கயிறு இழுக்கிறார்களே, அது கரைவலை. விடியற்காலையில் வளைத்தது. மீன் சேரும் பை, அதாவது மடி, கரை சேர இன்னும் அரை மணி நேரமாவது ஆகும். அதுவரை பேசலாம்.

வாலிநோக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தாள்: "அக்கா, யூடியூபில் ஒரு லட்சம் பேர் பார்த்தால் எவ்வளவு பணம் வரும்? கருவாட்டு வியாபாரத்தை விட்டுவிட்டு இதிலேயே இறங்கிவிடலாமா?" தொண்டி, கீழக்கரை, ஏர்வாடி என்று எல்லாப் பக்கமிருந்தும் இதே கேள்வி வருகிறது. அதனால் இன்றைக்கு இதை மட்டும் பேசுகிறேன்.

தங்கச்சி, லட்சத்துக்கு இவ்வளவு என்று ஒரு விலை கிடையாது. இது சம்பளம் இல்லை, பங்கு. பங்கு என்றால் என்னவென்று நமக்கு வெளியூர்க்காரர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே கயிறு இழுக்கிறவரிடம் போய் "இன்றைக்கு எவ்வளவு கிடைக்கும் அண்ணே?" என்று கேட்டால் கடலைக் கை காட்டுவார். "பங்கு எப்படிப் பிரிப்பீர்கள்?" என்று கேட்டால் கணக்காகச் சொல்வார். மீன் ஏலம் போகும், முதலில் செலவைக் கழிப்பார்கள், வலைக்காரருக்கு ஒரு பங்கு, மிச்சம் இழுத்தவர்களுக்கு. ஊருக்கு ஊர் கணக்கு மாறும். ஆனால் கணக்குத் தெரியாமல் யாரும் கயிற்றில் கை வைப்பதில்லை. நாமும் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

சரி, யூடியூப் கணக்குக்கு வருகிறேன். நீளமான வீடியோவில் ஓடும் விளம்பரத்தில் வரும் பணத்தில் 55 சதவீதம் நமக்கு, 45 சதவீதம் அவர்களுக்கு. ஷார்ட்ஸ் என்கிற குட்டி வீடியோ என்றால் வேறு. அங்கே விளம்பரப் பணம் ஒரு பொதுக் குவியலாகச் சேரும். பாட்டுக்கான பங்கை ஒதுக்கிவிட்டு, யாருக்கு எத்தனை பார்வை என்று பார்த்துப் பிரித்து, நம் பெயரில் விழுந்ததில் 45 சதவீதம் கொடுப்பார்கள். 2023 பிப்ரவரியிலிருந்துதான் இந்த ஷார்ட்ஸ் பங்கு. வீடியோ வேண்டாம், எழுதத்தான் பிடிக்கும் என்கிறவர்களுக்கு கூகுளின் ஆட்சென்ஸ் இருக்கிறது, நாம் எழுதும் பக்கத்தில் விளம்பரம் போட்டுப் பங்கு தருவது. அதில் ஏறத்தாழ 68 சதவீதம் எழுதுகிறவருக்கு. ஆனால் தமிழில் எழுதும் பக்கங்களுக்கு அது 2018 பிப்ரவரியில்தான் வந்தது. அதற்கு முன்னால் வருடக்கணக்காகத் தமிழில் எழுதிக் குவித்தவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு இந்தக் கதவே திறக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கனக்கிறது.

யூடியூப் பங்குக்குள் நுழைய 1000 சந்தாதாரர்கள் வேண்டும். கூடவே 12 மாதத்தில் 4000 மணி நேரம் மக்கள் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடி பார்வை வந்திருக்க வேண்டும். எனக்கு மணி நேரக் கணக்கில்தான் கிடைத்தது.

இப்போது விலைக்கு வருவோம். போன மாதம் நண்டு ஏலத்தைப் படம் எடுத்தேன், பார்த்திருப்பீர்கள். ஒரே படகில் வந்த நண்டு, ஒரே அளவில் இரண்டு கூடை. முதல் கூடை வைத்தபோது மூன்று கம்பெனி ஆட்கள் நின்றார்கள். ஏலக்காரர் வாய் மூடவில்லை, விலை ஏறிக்கொண்டே போனது. இரண்டாவது கூடை வைப்பதற்குள் இரண்டு பேர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நின்ற ஒருவர் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டார்கள், பாதிக்குக் கொஞ்சம் மேலே. நண்டு அதே நண்டுதான்.

விளம்பரமும் அப்படித்தான். நீங்கள் வீடியோவைத் திறக்கும் அந்தக் கண் இமைக்கும் நேரத்தில் ஒரு ஏலம் நடக்கிறது. யார் பார்க்கிறார், எந்த ஊரில் இருந்து, என்ன மாதம் என்பதை வைத்து விளம்பரக்காரர்கள் விலை கேட்கிறார்கள். தீபாவளியை ஒட்டி நிறைய பேர் கேட்பார்கள், விலை ஏறும். ஜனவரியில் விழும். என் சீலா மீன் குழம்பு வீடியோவுக்கு ஏல வீடியோவில் பாதிப் பார்வைதான். ஆனால் பணம் அதில்தான் அதிகம் வந்தது. பார்த்ததெல்லாம் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள். ஊர்க் குழம்பு வாசத்துக்கு ஏங்கி உட்கார்ந்து முழுசாகப் பார்த்திருக்கிறார்கள்.

இதில் இரண்டு சொல் காதில் விழும். சிபிஎம் என்பது ஆயிரம் விளம்பரக் காட்சிக்கு விளம்பரக்காரர் கொடுப்பது. ஆர்பிஎம் என்பது ஆயிரம் பார்வைக்கு நம் கைக்கு வருவது. விளம்பரமே ஓடாத பார்வையும் அதில் சேரும், யூடியூப் பங்கும் கழிந்திருக்கும். யாராவது சிபிஎம்மைக் காட்டி ஆசை காட்டினால் நம்பாதீர்கள். ஆர்பிஎம்மைக் கேளுங்கள். அப்புறம், 8 நிமிடம் தாண்டினால் நடுவிலும் விளம்பரம் வைக்கலாம் என்பதற்காக 5 நிமிட விஷயத்தை இழுக்காதீர்கள். பார்க்கிறவருடைய நேரம் அது, எனக்கு அது பிடிக்காது.

பாட்டு விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு நாள் டீக்கடைப் பக்கம் நின்று பேசினேன். கடை ரேடியோவில் ஒரு சினிமாப் பாட்டு ஓடியது. எனக்குத் தெரிந்து அரை நிமிடம் கூட இருக்காது. அந்த வீடியோவின் விளம்பரப் பணம் மொத்தமும் பாட்டின் உரிமைக்காரருக்குப் போய்விட்டது. அது அவர்கள் உரிமை, நியாயம்தான். அன்றிலிருந்து கரையில் கேட்கும் சத்தத்தை மட்டும்தான் வைக்கிறேன். வலை இழுக்கும் குரலை விடவா ஒரு பின்னணி வேண்டும்?

இன்னொன்று, அன்பாகச் செய்கிறோம் என்று கெடுப்பது. கோயில் திருவிழாவுக்கு வந்த என் மாமா பிள்ளைகள், "அக்காவுக்குப் பணம் வரட்டும்" என்று ஆளுக்கு ஒரு போனை வைத்துக்கொண்டு என் வீடியோவில் வரும் விளம்பரத்தை எல்லாம் தட்டித் தட்டி விளையாடியிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. அந்த மாதம் 9 டாலர் என்று காட்டியது, இறுதிக் கணக்கில் 4 டாலர்தான் நின்றது. செல்லாத தட்டல் என்று கழித்துவிட்டார்கள். தப்பு எங்களுடையதுதான். அதோடு போனதே பெரிது, தொடர்ந்து செய்தால் கணக்கையே மூடிவிடுவார்கள். தயவுசெய்து யாரும் எனக்காக விளம்பரத்தைத் தட்டாதீர்கள். உங்களுக்கு அந்தப் பொருள் வேண்டுமென்றால் மட்டும் தொடுங்கள்.

பணம் கைக்கு வரும் வழி கொஞ்சம் நீளம். 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் நம்பரைத் தபாலில் அனுப்புவார்கள். நான் பழைய வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டேன். கடிதம் அங்கே போய், பக்கத்து வீட்டு அத்தை ஏதோ கரண்டு பில் என்று அரிசி டின்னுக்கு மேலே பத்திரமாக வைத்திருந்தார். ஒரு கல்யாணத்துக்குப் போனபோதுதான் எடுத்துக் கொடுத்தார், ஓரம் முழுக்கத் தவிட்டுத் தூசி. அந்த ஆறு இலக்க எண்ணை இன்றைக்கும் வைத்திருக்கிறேன். நீங்கள் வங்கிப் புத்தகத்தில் இருக்கிற பெயர், இப்போது இருக்கிற வீடு, பக்கத்து அடையாளம் எல்லாம் சரியாகக் கொடுங்கள். 100 டாலர் சேர்ந்த பிறகுதான் பணம் கிளம்பும். ஒரு மாதக் கணக்கு அடுத்த மாதம் 21 தேதியிலிருந்து 26 தேதிக்குள் வரும். எனக்கு முதல் 100 சேர 11 மாதம் ஆனது.

அமெரிக்க வரிப் படிவத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நிரப்பாவிட்டால் மொத்த வருமானத்திலும் 24 சதவீதம் வரை பிடிக்கலாம். நிரப்பி, இந்தியா அமெரிக்கா ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டால், அமெரிக்காவில் பார்த்தவர்களால் வந்த தொகையில் மட்டும் 15 சதவீதம். நம் பார்வையாளர்கள் அங்கே எத்தனை பேர்? பெரும்பாலும் சில ரூபாய்தான் போகும்.

இன்னும் ஒரு பங்கு இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. என் சேனலில் அதிகம் பேர் பார்த்தது கடல்பாசி எடுக்கும் அக்காமார் வீடியோ. விரல்களில் துணிக் கீற்றைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிப் பாறையில் பாசி பறிக்கிறார்கள். ஒரு அக்கா மேலே வந்து துணியை அவிழ்த்துக் காட்டினார், விரல் நுனியெல்லாம் வெள்ளையாக ஊறி, கீறல் கீறலாக இருந்தது. அந்தக் கையைத்தான் எல்லோரும் பார்த்தார்கள், என் முகத்தை இல்லை. முதல் பணம் வந்ததும் செலவைக் கழித்துவிட்டு அந்த வீடியோவுக்கு வந்ததை அவர்களோடு பிரித்துக்கொண்டேன். பெரிய தொகை இல்லை. ஆனால் வாங்கும்போது அந்த அக்கா, "எங்க பங்கா?" என்று கேட்டார். ஆமாம் அக்கா, உங்கள் பங்குதான் என்றேன். மீனவரைப் படம் எடுத்துப் பிழைக்கிற எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கருவாட்டை விடாதே தங்கச்சி. கருவாடு காயப்போடும்போது போனைத் தூக்கு, உப்புக் கணக்கைச் சொல்லு, மழை வந்தால் என்ன செய்வாய் என்று காட்டு. நான் பார்ப்பேன்.

அதோ, மடி மிதவை தெரிகிறது. பறவையெல்லாம் இறங்குகிறது. சூடை மீன் மாதிரி இருக்கிறது, கிட்டப் போனால்தான் தெரியும். வரிப் படிவத்தை நிரப்புவதைத் திரையிலேயே காட்டி அடுத்த வீடியோ போடுகிறேன், வங்கிப் புத்தகத்தையும் பான் கார்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை குறைகிறது என்று கூப்பிடுகிறார்கள், போய்வருகிறேன்.