துணிவுக்காகக் காத்திருக்க வேண்டாம்

நண்பர்களே,

நாலு பேர் முன்னால் பேசுவதைத் துணிவு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்களுக்காகவே இன்று பேச வந்திருக்கிறேன். காத்திருந்தால் வளர்வது அச்சம்தான். வாயை மூடிக்கொண்ட அந்த நொடியில் ஒரு நிம்மதி கிடைக்கிறதல்லவா? 'பேசாததால் தப்பித்தேன்' என்று மனம் அதைக் குறித்துக்கொள்கிறது. அடுத்த முறை வாய் திறப்பது இன்னும் கடினமாகிவிடுகிறது.

எல்லோரும் நம்மையே பார்க்கிறார்கள் என்ற எண்ணத்தை, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் சக ஆய்வாளர்களும் சோதித்து 2000-இல் வெளியிட்டார்கள். போட்டுக்கொள்ளவே கூச்சம் தரும் ஒரு படம் அச்சிட்ட சட்டையை மாணவர்களுக்கு அணிவித்து, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் கணித்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர்தான்.

அச்சமுள்ளவர்கள் எப்போதும் பேசாமலே இருந்துவிடுவதில்லை. பேசுகிறார்கள், ஆனால் கேடயம் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். 'எனக்கு அவ்வளவாகத் தெரியாது, தப்பாக இருந்தால் மன்னியுங்கள்' என்று தொடங்குவது ஒரு கேடயம். ஒரே வாக்கியத்தை மனத்துக்குள் நாலு தடவை ஒத்திகை பார்ப்பது, குரலைத் தாழ்த்துவது, கையிலுள்ள தாளை விட்டுக் கண்ணை எடுக்காதது எல்லாமே கேடயங்கள். உதவுவதுபோல் தோன்றும், கெடுதல்தான் செய்யும். ஒத்திகையில் இருப்பவர் எதிரே நடக்கும் பேச்சைத் தவறவிடுகிறார். தாழ்ந்த குரலில் பேசியவரிடம் 'என்ன சொன்னீர்கள்?' என்று கேட்கிறார்கள். எந்தப் பார்வைக்கு அஞ்சினாரோ அது முழுவதும் அவர்மேல் திரும்புகிறது. இதைவிடப் பெரிய இழப்பு, எல்லாம் நல்லபடியாக முடிந்தாலும் கேடயத்தால்தான் பிழைத்தோம் என்று மனம் நம்பிவிடுவது. ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் விடுங்கள். முன்கூட்டியே கேட்கும் மன்னிப்பில் தொடங்கலாம். எப்போது செய்கிறோம் என்று நமக்கே தெரிவதால், அதை விடுவது எளிது.

பயிற்சிக்கு ஒரு தாள் போதும். பேசத் தயங்கும் பத்து சூழல்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை அச்ச மதிப்பெண் இடுங்கள். 30, 40 அளவில் உள்ளதில் தொடங்குங்கள். நேராக 90-க்குப் போனால் பாதியில் எழுந்து வந்துவிடத் தோன்றும். அப்படி வந்துவிட்டால் பழைய பாடமே இன்னும் ஆழமாகப் பதியும். பேசுவதற்கு முன் என்ன நடக்கும் என்று அஞ்சுகிறீர்கள் என்பதைக் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றாக எழுதுங்கள். 'மோசமாக நினைப்பார்கள்' என்பதைச் சரிபார்க்க முடியாது. 'இரண்டு பேராவது சிரிப்பார்கள்' என்பதைச் சரிபார்க்கலாம். திரும்பியதும் நடந்ததைப் பக்கத்தில் எழுதுங்கள். இரவு முழுக்க அந்தப் பேச்சை மனத்தில் ஓட்டிப் பார்க்காதீர்கள். நினைவு அச்சத்தின் பக்கம் சாய்ந்தே தீர்ப்புச் சொல்லும்.

நெஞ்சு படபடப்பது, அச்சத்தில் உடல் சுரக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோன் செய்யும் வேலை. அதை அடக்கப் போராடினால் கவனம் முழுவதும் உள்ளே திரும்பிவிடும். மூச்சை உள்ளிழுப்பதைவிடச் சற்று நீளமாக வெளியே விட்டு, முதல் வாக்கியத்தைத் தொடங்கிவிடுங்கள். படபடப்பு நாம் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரிவதில்லை. இந்த ஒரு செய்தியை முன்கூட்டியே கேட்டவர்கள் மேடையில் மேலும் நன்றாகப் பேசியதாக, கென்னத் சவிட்ஸ்கியும் கிலோவிச்சும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

சில நேரம் உண்மையாகவே யாராவது குறை சொல்வார்கள். 'எந்த இடத்தைச் சொல்கிறீர்கள்?' என்று கேளுங்கள். இடத்தைக் காட்டினால் திருத்திக்கொள்ளலாம். காட்ட முடியாவிட்டால் அதை அங்கேயே விட்டுவிடலாம்.

கேட்பவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. 1950-களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி நடத்திய சோதனைகளில், குழுவில் மற்ற எல்லோரும் முன்கூட்டியே பேசிவைத்துத் தவறான விடை சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்கள் சொன்ன விடைகளில் மூன்றில் ஒரு பங்கு அவர்களோடு போயின. குழுவில் வேறு ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னதும் அந்தப் பங்கு நூற்றுக்கு ஐந்தாறாகக் குறைந்தது. அடுத்த கூட்டத்தில் ஒருவர் தனித்து ஒரு கருத்தைச் சொல்லி, நீங்களும் அதையே நினைத்திருந்தால், கூட்டம் முடிந்து வெளியே வந்து தனியாகச் சொல்லாதீர்கள். அங்கேயே, அவருக்கு அடுத்ததாகச் சொல்லுங்கள்.