கலமும் நோவும்

(அட்டனில் ஆசிரியர்கள், மாணவர்கள், தோட்ட சுகாதார ஊழியர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

உடம்பின் மிகச் சிறிய உயிர் அலகான கலத்தைப் பற்றிப் படித்த நான், நோயாளியின் நோவையும் அவதியையும் தணிக்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்பு ஆய்வுக்கு எப்படி வந்தேன் என்று பேசச் சொன்னார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று எட்டாத துறைகள் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. ஏன் என்பதை நம் வெற்றிலைப் பையிலிருந்தே சொல்லலாம்.

கொழுந்து மலையில் குளிருக்கும் பசிக்கும் வெற்றிலை போடுவது நம் ஆட்களுக்குத் தலைமுறைப் பழக்கம். இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது. புகையிலையை விட்டால் போதும், பாக்கு ஒன்றும் செய்யாது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில், பாக்கே தனியாகப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது.

பாக்கில் அரிகோலின் என்று ஒரு பொருள் இருக்கிறது. கன்னத்தின் உட்பக்கத்தில் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைச் செய்யும் கலங்களை அது தூண்டிவிடுகிறது. பாக்கில் உள்ள செம்பு, அந்த நார்களை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதியத்துக்கு வேகம் கொடுக்கிறது. பழைய நாரை உடைத்து அகற்றும் வேலையும் குறைந்துவிடுகிறது. கவ்வாத்துப் பண்ணாமல் விட்ட தேயிலை மாதிரி கன்னத்துச் சதை இழையம் முற்றி இறுகுகிறது. வாய் திறக்கும் அளவு குறைகிறது. கொஞ்சம் உறைப்புப் பட்டாலே எரிகிறது. சிலருக்கு அது பின்னால் புற்றாக மாறுகிறது. பாக்கை நிறுத்தினாலும் உண்டான நார் இலேசில் போகாது. அதனால்தான் மாணவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஆய்வுகூடத்தில் வளர்க்கும் கலங்களில் இதையெல்லாம் அளக்கலாம். அந்த வேலை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். ஆனால் அந்தக் கலத்துக்கு நோவு கிடையாது. இழையம் கொடுத்த மனிதருக்கு இருக்கிறது. கிளினிக்கில் யாரும் கொலாஜனைப் பற்றிக் கேட்பதில்லை. "ராவைக்குத் தூங்க ஏதாச்சும் இருக்கா ஐயா?" என்றுதான் கேட்கிறார்கள். என் ஆய்வின் திசையை மாற்றியது அந்தக் கேள்வி.

அதற்காகக் கலத்தை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அபின் வகை மருந்துகள் வந்து ஒட்டும் வாங்கிகள் மூளை இழையத்தில் இருப்பதை 1973இல் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் அமெரிக்காவில் காட்டினார்கள். சரி, அபினுக்கென்று நம் உடம்பில் எதற்கு வாங்கி? 1975இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் ஜோன் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து விடை எடுத்தார்கள்: உடம்பே அப்படிப்பட்ட பொருளைச் சுரக்கிறது. அபின் வகை மருந்தான மோர்பின் அதே வாங்கியில் போய் ஒட்டுகிறது. நரம்புக் கலத்துக்குள் கல்சியம் நுழைவது குறைகிறது, பொட்டாசியம் வெளியேறுவது கூடுகிறது. முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டான முண்ணாண் வழியாக ஏறும் நோவுச் செய்தி தணிகிறது.

இவ்வளவு தெளிவாக வேலை செய்யும் மருந்தைக் கண்டு நம் லயங்களில், தோட்டத்து வரிசை வீடுகளில், பயப்படுகிறார்கள். "மோர்பின் குடுத்தா சீக்கிரம் போயிருவாங்க" என்கிறார்கள். சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் தாதியாகவும் சமூக சேவையாளராகவும் இருந்து, பிறகு மருத்துவரானவர். 1967இல் லண்டனில், தீராத நோயாளிகளைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். நோவு திரும்பி வரும்வரை காத்திராமல், நேரம் தவறாமல் வாய்வழியாக மோர்பின் கொடுக்கும் முறையை அவர் நிலைநாட்டினார். சிறிய அளவில் தொடங்கி, நோவைப் பார்த்துப் பார்த்து வைத்தியர் கூட்டிக் கொடுக்கும் மோர்பின் ஆயுளைக் குறைப்பதில்லை. மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தை முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. நோய்த்தணிப்புப் பராமரிப்பு கடைசி வாரத்து வேலை இல்லை. முற்றிய நுரையீரல் புற்றுநோயாளர்கள் 151 பேரை வைத்து பொஸ்டனில் நடந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலேயே இந்தப் பராமரிப்பும் பெற்றவர்கள் நடுக்கணக்கில் 11.6 மாதம் உயிரோடு இருந்தார்கள், மற்றவர்கள் 8.9 மாதம். மனச்சோர்வும் குறைவாக இருந்தது. எல்லாப் புற்றுநோய்க்கும் அதே கணக்கு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆரம்பத்திலேயே தொடங்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நமக்கு மகரகமைப் புற்றுநோய் மருத்துவமனைக்கோ கண்டிக்கோ போனால் நோயாளிக்கும் கூடப் போகிறவருக்கும் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். ஆகவே பராமரிப்பு லயத்துக்கு வந்தாக வேண்டும். கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய முயற்சி, பயிற்சி பெற்ற அக்கம்பக்கத்தாரைக் கொண்டே வீடு வீடாகப் பரவியது. பக்கத்துக் காம்பிராவில் ஒருவர் முனகினால் வரிசை முழுக்கக் கேட்கும் நம் லயத்தில், அப்படியொரு குழுவைச் சேர்ப்பது முடியாத காரியமே இல்லை.

அதுவரை ஒன்று செய்யுங்கள். கொப்பியில் தினமும் எழுதுங்கள்: எங்கே நோகிறது, எந்த நேரத்தில் கூடுகிறது, நோவு பத்துக்கு எத்தனை, மருந்து குடித்து எவ்வளவு நேரத்தில் தணிந்தது, இரவு தூங்கினாரா. படிக்கிற பிள்ளைகளே, தாத்தா பாட்டிக்காக இதை நீங்கள் எழுதலாம். கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கொப்பியை வைத்தியரின் மேசையில் வையுங்கள். மருந்தின் அளவை அதைப் பார்த்துத்தான் அவர் சரிசெய்ய முடியும்.