தக்காளி வரிசைக்குக் கம்பும் கயிறும்

வணக்கம் நேயர்களே. மாரி மழை ஓய்ந்து தக்காளி நாற்று நடும் வீடுகளுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாற்று நடும் அன்றைக்கே கம்பையும் ஊன்றிவிடுங்கள். செடி சாய்ந்த பிறகு அதன் அருகே அலவாங்கால் குத்தினால் வேர் அறும், மத்தியானத்தில் இலை துவளும். உடனே வாடல் நோய் என்று பயந்து வரிசையையே பிடுங்கி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் ஒரு செடியை மட்டும் பிடுங்குங்கள். அதன் அடித்தண்டில் இரண்டு அங்குலம் வெட்டி, வெட்டுவாய் தெளிந்த தண்ணீருக்குள் இருக்கும்படி கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால்நிறத்தில் நூல்நூலாக இறங்கினால் அது பக்றீரியா வாடல். ஒன்றும் இறங்காவிட்டால் மற்றச் செடிகளில் கை வைக்கவேண்டாம். பின்னேரத்தில் தண்ணீர் விட்டு, இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள்.

தக்காளியில் மூன்று, நான்கு அடியோடு வளர்ச்சி நிற்கும் குட்டை இனமும் உண்டு, நிற்காமல் ஏறிக்கொண்டே போகும் இனமும் உண்டு. ஏறுகிற இனத்துக்குச் செடிக்கொரு உயரக் கம்பு வேண்டும். வீட்டுத்தோட்டத்துக்குக் குட்டை இனமே வசதி என்பது என் எண்ணம். இனிச் சொல்வது அதற்கான முறை.

பதினைந்து அடி வரிசை ஒன்றை எடுங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் பத்துக் கன்று. இரண்டு கன்றுக்கு ஒரு கம்பு, அதாவது மூன்றடிக்கு ஒன்று. இரண்டு ஓரத்தையும் சேர்த்து ஆறு கம்பு. நீளம் ஆறரை அடி, அதில் இரண்டடி மண்ணுக்குள். நடுக்கம்பு இரண்டு விரல் தடிப்பில் இருந்தால் போதும். ஓரக் கம்பு இரண்டும் மணிக்கட்டுத் தடிப்பில் இருக்கவேண்டும், ஏனென்றால் கயிற்றின் இழுவை முழுவதும் அவற்றில்தான் விழும். வரிசை சரிந்து கிடக்கும் வீடுகளில் போய்ப் பாருங்கள். கயிறு அறுந்திருக்காது, ஓரக் கம்பு உள்ளே வளைந்திருக்கும்.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள எழுவான்கரை மணலில் இது இன்னும் மோசம். அங்கே இரண்டடி ஆழம் மட்டும் கம்பைப் பிடிக்காது. முளை அடித்து இழுத்துக் கட்டினாலும் மழைக்கு முளை கழன்று வரும். உடைந்த சீமெந்துக் கல் ஒன்றை நைலோன் கயிற்றில் கட்டி, ஓரக் கம்பிலிருந்து மூன்றடி வெளியே இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். கயிற்றின் மற்ற முனையைக் கம்பின் தலையில் இறுக்குங்கள். மேலே கிடக்கும் மணலின் பாரமே கல்லைப் பிடித்துக்கொள்ளும். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் இறுக்கமான மண்ணில் சரிவாக அடித்த முளையே போதும்.

வரிசையின் திசையும் முக்கியம். மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து வரும், கோடையில் கச்சான் தென்மேற்கிலிருந்து வரும். இரண்டும் ஒரே கோடுதான். அந்தக் கோட்டின் வழியே வரிசையை வைத்தால் காற்று வரிசைகளுக்கு நடுவால் போகும். குறுக்கே வைத்தால் இலை நிறைந்த வரிசை பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும்.

கிளிசரிடியாக் கம்பு வேலியிலேயே கிடைக்கும். ஆனால் பச்சையாக ஊன்றினால் அது வேர்விட்டுத் துளிர்க்கும், தக்காளியின் உரத்தையும் வெயிலையும் பங்கு கேட்கும். பட்டையைச் சீவிக் காயவைத்து ஊன்றுங்கள். காய்ந்த கம்பைக் கறையான் தேடி வரும் என்பதால், மண்ணுக்குள் போகும் பகுதியை நெருப்பில் வாட்டி மேல்தோல் கறுக்க எடுங்கள். ஒரு போகத்துக்கு அது தாங்கும்.

கயிற்றுக்குச் சணல் நல்லது. தும்புக் கயிறு உறுதி, ஆனால் முரடு. இளந்தண்டைத் தேய்த்துப் புண்ணாக்கும். கடற்கரைப் பக்கத்தில் தங்கூசி, அதாவது மீன்பிடிக்கும் நைலோன் இழை, சும்மா கிடைக்கிறது என்று கட்டுகிறார்கள். காய் பாரம் ஏறும்போது அது தண்டை அறுத்துவிடும். வேண்டவே வேண்டாம்.

கன்று ஓரடி உயர்ந்ததும் முதல் சுற்று, நிலத்திலிருந்து பத்து அங்குலத்தில். ஓரக் கம்பில் முடிந்து, கன்றுகளின் ஒரு பக்கமாகக் கயிற்றைக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு கம்பிலும் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துத்தான் அடுத்ததற்குப் போகவேண்டும்; சுற்றாமல் போனால் ஓரிடத்தில் தளர்ந்தது வரிசை முழுக்கத் தளரும். மறு ஓரத்தில் திரும்பி, மற்றப் பக்கமாக வந்து தொடங்கிய இடத்தில் முடியுங்கள். கன்றுகள் இரண்டு கயிற்றுக்கும் நடுவில் நிற்கும். பிறகு எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய நாற்பது அடி, ஐந்து சுற்றுக்கு இருநூறு அடி கயிறு. காய்ந்த சணலையே கட்டுங்கள், அளவுக்கு மீறி இறுக்கவும் வேண்டாம். மழையில் நனைந்தால் அது தானாகவே இறுகும். பூங்கொத்து கயிற்றில் மாட்டியிருந்தால் விரலால் மெதுவாக வெளியே எடுத்துவிடுங்கள்.

தனிக் கிளை ஒன்றைக் கம்போடு கட்டுவதானால் பழைய சேலைக் கிழிசல் போதும். கம்புக்கும் தண்டுக்கும் நடுவில் எட்டுப் போலக் குறுக்கிட்டு, விரல் நுழையும் இடம் விட்டு முடியுங்கள். முடிச்சு கம்புப் பக்கம் இருக்கட்டும்.

முதல் பூங்கொத்துக்குக் கீழே இலைக்கக்கத்தில் வரும் முளைகளைச் சிறிதாக இருக்கும்போதே காலையில், இலை காய்ந்த பிறகு கையால் ஒடித்துவிடுங்கள். அதற்கு மேலே வருவதைக் குட்டை இனத்தில் தொடவேண்டாம், காய் அதில்தான். நிலத்தில் படும் அடி இலைகளையும் எடுங்கள். மழை தெறிக்கும் மண்ணோடு கருகல் நோய் ஏறுவது அவற்றின் வழியாகத்தான். ஆனால் கச்சான் காலத்தில் மேல் இலையைக் கழித்தால் காயில் வெயில் பட்டு வெள்ளைத் தழும்பு விழும். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களும் சுருட்டுப் பிடிக்கிறவர்களும் செடியைத் தொடுமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவவேண்டும். புகையிலையிலுள்ள தேமல் வைரசு கைவழியே தக்காளிக்கு வரும்.

அறுவடை முடிந்ததும் கம்புகளைப் பிடுங்கி, மண் தட்டி, வெயிலில் காயவைத்து மழை படாத இடத்தில் அடுக்குங்கள். வாடல் வந்த வரிசையின் கம்பையும் கயிற்றையும் அடுப்புக்குப் போடுங்கள். அந்த இடத்தில் அடுத்த போகம் கத்தரியோ மிளகாயோ வேண்டாம், அவையும் அதே வாடலுக்கு ஆளாகும். பயற்றை நடலாம், சோளம் நடலாம்.