ஆடிட் முடிந்த பிறகும் ஏன் கணக்கு கேட்கிறார்கள்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். போன வீடியோவில், அறக்கட்டளைகள் யாருக்குக் கணக்குச் சொல்கின்றன என்று கணக்கியல் பேராசிரியர்கள் செய்த ஆராய்ச்சிகளைப் பற்றிப் பேசினேன். முடிக்கும்போது, "சிறு கடைகள் மூடிப்போவதும் இதே நோயால்தான்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு நேரமில்லாமல் நிறுத்திவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு ராஜபாளையத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன்.

"ஐயா, நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டும் ஒரு சின்ன அறக்கட்டளை நடத்துகிறோம். வருஷா வருஷம் ஆடிட் செய்கிறோம், வருமான வரிக் கணக்கும் தாக்கல் செய்கிறோம். அப்படியும் ஊரில் 'கணக்கு எங்கே' என்று கேட்கிறார்கள். மனசு கஷ்டமாக இருக்கிறது. இதற்கு மேல் என்ன காட்டுவது? அப்புறம், கடைக்கும் அறக்கட்டளைக்கும் ஒரே நோய் என்றீர்கள். ஒன்று லாபத்துக்கு, ஒன்று தர்மத்துக்கு. எப்படி ஒன்றாகும்?"

முதலில் அந்த மனசு கஷ்டத்தைப் பார்ப்போம். நம் ஊரில் கணக்கு கேட்டாலே சண்டைக்கு வருகிறார்கள் என்றுதான் அர்த்தம். "என்னிடமே கணக்கு கேட்கிறாயா?" என்று சொல்லாத அண்ணன் தம்பி உண்டா? 1972இல் எம்.ஜி.ஆர். கட்சிக் கணக்கைக் கேட்டு, கட்சியை விட்டு நீக்கப்பட்டு, தனிக்கட்சியே ஆரம்பித்தார். அவ்வளவு சூடான வார்த்தை இது. அதனால் உங்களுக்கு வலிப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் கேட்பவர்கள் எல்லாரும் உங்களைத் திருடர் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அவர்கள் கேட்பது வேறு கணக்கு.

உங்கள் ஆடிட் அறிக்கை யார் கைக்குப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். வருமான வரித் துறைக்கு. நன்கொடையாளருக்கு என்ன கிடைக்கிறது? வரிச்சலுகை வாங்க ஒரு சான்றிதழ். சரி, பிள்ளைக்குக் கட்டணம் கட்டினீர்களே, அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு என்ன கிடைக்கிறது? ஒன்றுமில்லை. வவுச்சரில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறோம்.

இதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சில வருஷம் முன்பு ஓர் அறக்கட்டளையில் நான் கௌரவப் பொருளாளர். உங்களைப் போலத்தான், பள்ளிக் கட்டண உதவி. ஒரு வருஷம் சும்மா, எந்த வகுப்புக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று ஒரு தாளில் எழுதி அலுவலகக் கதவில் ஒட்டினேன். அடுத்த நாளே ஒரு அம்மா வந்து நிற்கிறார். "எட்டாம் வகுப்புக்கு 4,500 என்று போட்டிருக்கிறீர்கள், எனக்குப் பள்ளியில் கொடுத்த ரசீது 4,000க்குத்தான் இருக்கிறது" என்றார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த ரசீதை எடுத்துக் காட்டினார். நான்காக மடித்து, மடிப்பு கிழிந்து போயிருந்தது. விசாரித்தால், பள்ளிக்கூடத்தில் போன வருஷப் பாக்கி என்று 500 ரூபாயைக் கழித்துக்கொண்டு மீதிக்கு ரசீது போட்டிருக்கிறார்கள். இந்தம்மாவுக்கு அப்படி ஒரு பாக்கியே கிடையாது, அது வேறு பையனுடையது. எங்கள் புத்தகத்தில் வவுச்சர் சரி, காசோலை சரி, கையெழுத்து சரி. ஆடிட்டர் எல்லாவற்றையும் பார்த்து டிக் அடித்துவிட்டார். அவர் மேல் தப்பே இல்லை. பணம் எங்களை விட்டுப் போன இடம் வரைக்கும்தான் அவர் கண்ணுக்குத் தெரியும். போய்ச் சேர்ந்த இடம் அந்த அம்மாவுக்குத்தான் தெரியும்.

போன தடவை சொன்ன ஆராய்ச்சியும் இதைத்தான் தொடுகிறது. பிரெண்டன் ஓ'ட்வயர், ஜெஃப்ரி அனர்மன் என்று இரண்டு கணக்கியல் பேராசிரியர்கள். அம்னெஸ்டி இன்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்பின் அயர்லாந்துப் பிரிவை எடுத்து ஆராய்ந்து 2008இல் கட்டுரை எழுதினார்கள். அங்கே நிர்வாகிகளுக்கு எல்லாத் தரப்புக்கும் பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. நடைமுறையில், அதிகாரமும் பணமும் உள்ள சிலருக்குப் பதில் சொல்வதே மேலோங்கிப் போனது. கணக்குக் காட்டும் வேலை கூடக் கூட, அமைப்பு எதற்காக ஆரம்பிக்கப்பட்டதோ அதற்கே அது இடைஞ்சலாகிவிடுமோ என்ற கவலையும் அவர்களுக்கு இருந்தது. பணமும் அதிகாரமும் உள்ளவர்களுக்குப் பதில் சொல்வதை மேல்நோக்கிய பொறுப்பு என்றும், உதவி பெறுகிறவர்களுக்குப் பதில் சொல்வதைக் கீழ்நோக்கிய பொறுப்பு என்றும் ஆய்வாளர்கள் பிரிப்பார்கள். அந்தக் "கீழ்நோக்கிய" என்ற சொல் எனக்குப் பிடிக்காது. அந்த அம்மா எனக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஆனால் படிப்புலகத்தில் அப்படித்தான் வழங்குகிறது, விட்டுவிடுவோம்.

கணக்கை ஊரார் முன் வாசிப்பது வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்காதீர்கள். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்று ஓர் அமைப்பு, 1990இல் ஆரம்பித்தது. 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற கிராமத்தில் முதல் மக்கள் விசாரணையை நடத்தினார்கள். அரசு வேலைகளின் கூலிப் பட்டியலையும் பில்லையும் ஊர் நடுவில் சத்தமாக வாசிப்பார்கள், அவ்வளவுதான். இப்படி நடந்த விசாரணைகளில், வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி எழுதியிருப்பதெல்லாம் வெளியே வந்தது. "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பது அவர்கள் கோஷம். 2005இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு இந்தப் போராட்டம் ஒரு முக்கியமான வேர். நூறு நாள் வேலையில் சமூகத் தணிக்கை என்று கிராம சபையில் வாசித்தார்களே, அதுவும் இந்த வழியில் வந்ததுதான்.

அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். நம் மகளிர் சுய உதவிக் குழுக்கள். தமிழ்நாட்டில் 1989இல் தர்மபுரியில்தான் அரசு இதைத் தொடங்கியது. கூட்டத்தில் யார் எவ்வளவு சேமித்தார், யார் கடனில் எவ்வளவு கட்டினார் என்று எல்லார் காதிலும் விழும்படி வாசித்து, அவரவர் பாஸ் புத்தகத்தில் அங்கேயே எழுதிக் கொடுப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட "என்னுது இருபது ரூபாய் விட்டுப்போச்சே" என்பார். அந்தப் பாட்டிக்கு ஈடான ஆடிட்டரை நான் பார்த்ததில்லை.

இப்போது கடைக்கு வருவோம். பலகையில் எழுதுகிறேன், பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண், இட்லி மாவுக்கடை. நாளைக்கு 60 கிலோ, கிலோ 50 ரூபாய். விற்பனை 3,000. அரிசி, உளுந்து, வெந்தயம் 1,650. கரண்ட், கவர் 250. வாடகை மாதம் 6,000, அதாவது நாளுக்கு 200. உதவிக்கு வரும் பெண்ணுக்கு 300. மிச்சம் 600. "ஒரு நாளைக்கு அறுநூறு நிக்குது சார்" என்று சந்தோஷமாகச் சொன்னார். எட்டு மாதத்தில் கடையை மூடிவிட்டார்.

எங்கே போனது அந்த அறுநூறு? இரண்டு மெஸ்காரர்கள் தினம் ஆளுக்குப் பத்துக் கிலோ கடனுக்கு எடுத்தார்கள், மாதக் கடைசியில் பணம். நாளைக்கு 1,000 ரூபாய், மாதம் முடியும்போது 30,000 ரூபாய் வெளியே நிற்கிறது. லாபம் கணக்கில் இருக்கிறது, கல்லாவில் இல்லை. அதற்கு மேல், வீட்டுக்குப் பால், பையனுக்குப் பஸ் பாஸ் எல்லாம் அந்தக் கல்லாவிலிருந்துதான். எழுதி வைப்பது கிடையாது. கிரைண்டர் 90,000 ரூபாய், ஐந்து வருஷம் ஓடும் என்று வைத்தால் மாதம் 1,500 தனியாக எடுத்து வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. காலை நாலு மணிக்கு எழுந்து இராத்திரி எட்டு வரை நிற்கிறாரே, அவருடைய கூலி? அந்த வரியே கணக்கில் கிடையாது.

ஒரு நாள் மோட்டார் எரிந்துவிட்டது. கையில் காசு இல்லை. தண்டல் வாங்கினார். உங்களில் பலருக்குத் தெரியும், பத்தாயிரம் என்று பெயர், கையில் கொடுப்பது 9,000, தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். பார்த்தால் வட்டி வெறும் ஆயிரம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறோம் அல்லவா, கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆண்டு வட்டி 77 சதவீதம் பக்கம் வருகிறது. மாவு நன்றாகத்தான் இருந்தது, கூட்டமும் குறையவில்லை. முதல் தண்டலைக் கட்ட இரண்டாவது தண்டல் வாங்கியதோடு கதை முடிந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால் அவர் கணக்கே இல்லாதவர் இல்லை. வங்கிக் கடன் கேட்பதற்காக வருமான வரிக் கணக்கு போட்டிருந்தார். சிறு வியாபாரிகளுக்கு விற்பனையில் 8 சதவீதம் லாபம் என்று மதிப்பிட்டு எழுதிக்கொடுக்கும் எளிய முறை இருக்கிறது, டிஜிட்டலாக வந்த பணத்துக்கு 6 சதவீதம். புத்தகமே வேண்டாம். வரிக்கு அது வசதி, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காகிதத்தை ஆயிரம் தடவை புரட்டினாலும் மெஸ்காரர் தர வேண்டிய பாக்கி அதில் தெரியாது. அது வங்கி மேனேஜருக்காக எழுதிய கணக்கு. கடை நடத்துகிறவருக்காக யாரும் எழுதவில்லை, அவர் உட்பட. நான் சொன்ன ஒரே நோய் இதுதான்: மேலே கேட்கிறவருக்குக் கணக்கு இருக்கிறது, தேவைப்படுகிறவருக்கு இல்லை.

இப்போது உங்கள் அறக்கட்டளைக்குத் திரும்புகிறேன். அந்தக் கடையில் பணம் ஒதுக்காமல் விட்ட கிரைண்டர் போல உங்களிடம் இருப்பது எது? கணக்கு எழுதும் ஆள். நன்கொடையாளர் என்ன சொல்கிறார்? "நான் தரும் ரூபாய் அப்படியே முழுசாகப் பிள்ளைக்குப் போக வேண்டும்." கேட்க நன்றாக இருக்கிறது. அதனால் நாமும் நிர்வாகச் செலவே இல்லை என்று பெருமையாக நோட்டீஸ் அடிக்கிறோம். கணக்கு எழுதுபவருக்குக் கொடுக்கும் சம்பளத்தைத் திட்டச் செலவுக்குள் ஒளித்து வைக்கிறோம், அல்லது யாரோ ஒரு நல்ல மனுஷர் இலவசமாகச் செய்கிறார். அவர் உடம்புக்கு முடியாமல் படுத்தால்? மோட்டார் எரிந்த கதைதான். அமெரிக்காவில் ஆன் காகின்ஸ் கிரிகோரி, டான் ஹோவர்டு என்ற இருவர் 2009இல் இதற்குப் பட்டினிச் சுழல் என்று பெயர் வைத்து எழுதினார்கள். கொடுப்பவர் நிர்வாகச் செலவைக் குறைத்து எதிர்பார்க்கிறார், வாங்குபவர் குறைத்துக் காட்டுகிறார், அதைப் பார்த்து அவர் இன்னும் குறைவாக எதிர்பார்க்கிறார். நம் நாட்டில் சட்டமே அந்தப் பக்கம் சாய்கிறது. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகத்துக்கு 50 சதவீதம் வரை செலவழிக்கலாம் என்று இருந்ததை 2020 திருத்தத்தில் 20 ஆக்கிவிட்டார்கள். ஐம்பது அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லா வேலைக்கும் ஒரே அளவுகோல் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கட்டடம் கட்டும் அமைப்பும் ஆள் வைத்துச் சேவை செய்யும் அமைப்பும் ஒன்றா?

இன்னொன்று, பல டிரஸ்டுகள் வந்த பணம் முழுவதையும் மார்ச் 31க்குள் காலி செய்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கடைசி வாரத்தில் தாறுமாறாகச் செலவு செய்கிறார்கள். அப்படி இல்லை. வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட வேண்டும். 15 சதவீதத்தை ஒதுக்கி வைக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அதற்கு மேலும் சேர்க்க வேண்டுமானால் என்ன காரணத்துக்கு என்று சொல்லித் தனிப் படிவம் கொடுத்து, 5 ஆண்டுகள் வரை வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. அந்த 15ஐ வையுங்கள். கெட்ட வருஷம் வரும். கொரோனா காலத்தில் நன்கொடை நின்றபோது, கையிருப்பு வைத்திருந்தவர்களால் மட்டும்தான் அந்த வருஷக் கட்டணத்தைக் கட்ட முடிந்தது. எனக்குத் தெரிந்த வட்டத்தில் நேராகப் பார்த்தேன்.

சரி, என்ன காட்டுவது என்று கேட்டீர்கள். ஐந்தொகையை, அதாவது பேலன்ஸ் ஷீட்டை, ஒட்டாதீர்கள், யாருக்கும் புரியாது. ஒரே தாள், பெரிய எழுத்து. எவ்வளவு வந்தது, எத்தனை பேரிடமிருந்து. எத்தனை பிள்ளைகளுக்கு, எந்த வகுப்புக்கு எவ்வளவு. கணக்கு எழுதுபவருக்குச் சம்பளம் இவ்வளவு. அதை நிர்வாகச் செலவு என்றே எழுதுங்கள், கூச்சப்படாதீர்கள். கையில் மிச்சம் இவ்வளவு. வருஷத்துக்கு ஒரு முறை பெற்றோரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, டீ கொடுத்து, இதை வாசித்துவிடுங்கள். முதல் கூட்டத்தில் யாரும் பேச மாட்டார்கள். இரண்டாவது கூட்டத்தில் ஒருவர் கேட்பார். கேட்கிறவரை முறைக்காமல் இருப்பதுதான் உங்களுக்குக் கஷ்டமான வேலையாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. கதவில் ஒட்டும் தாளில் பிள்ளைகள் பெயரைப் போடாதீர்கள். நானும் ஆரம்பத்தில் பெயரோடு ஒட்டலாம் என்றுதான் நினைத்தேன், நல்லவேளை எங்கள் அலுவலக ஆயா தடுத்தார். "எட்டாவது படிக்கிற பையன், கூடப் படிக்கிறவன் பார்த்தா பள்ளிக்கூடமே போக மாட்டான் சார்" என்றார். வகுப்பும் தொகையும் போதும். யாருக்கு எவ்வளவு என்ற விவரத்தைச் சின்னச் சீட்டாக எழுதி, தலைமையாசிரியர் மூலமாக அனுப்பாமல், அந்தந்த அம்மாவின் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.