புரோத்தனை விடச் சின்ன அசைவு! செய்மதி லேசரைக் கட்டிப்போடுற கண்ணாடித் துண்டு

[திரை: இரணைமடு வான்கதவால தண்ணி பாயிற காட்சி]

வணக்கம் உறவுகளே. இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாயுது. 490 கிலோமீற்றர் உயரத்தில போற ஒரு செய்மதிக்கு அந்தத் தண்ணியின்ர பாரம் விளங்குமோ?

விளங்காது. தலைப்பைப் பாத்து வந்தவை கோவிக்காதேங்கோ. புவியீர்ப்பை அளக்கிற கிரேஸ் ஃபாலோ-ஆன் எண்ட செய்மதிச் சோடிக்குப் பிரிச்சுத் தெரியிற ஆகச் சின்னத் துண்டே ஏறக்குறைய 300 கிலோமீற்றர் அகலம். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரை எல்லாம் சேர்ந்தாலும் அதுக்குள்ள ஒரு மூலைதான். ஆனா ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா மூண்டிலயும் 2002 ஓகஸ்டிலயிருந்து 2008 ஒக்டோபர் வரை 109 கன கிலோமீற்றர் நிலத்தடி நீர் குறைஞ்சு போனதை, இதுக்கு முந்தின கிரேஸ் சோடியின்ர அளவீட்டை வைச்சுத்தான் கணக்கெடுத்தவை. ஒருத்தரும் ஒரு கிணத்துக்குள்ளயும் கயிறு விடேல்லை.

வேலை செய்யிற விதம் லேசு. ரண்டு செய்மதி, ஒண்டுக்குப் பின்னால ஒண்டு, நடுவில 220 கிலோமீற்றர். கீழ பாரம் கூடின இடம் வந்தா முன்னால போறதை அது முதல்ல இழுக்கும், இடைவெளி மாறும். அந்த மாற்றத்தை முந்தி நுண்ணலையால மைக்ரோமீற்றர் கணக்கில அளந்தவை. 2018 மே 22 ஏவின சோடியில லேசரும் ஏத்திவிட்டவை. நனோமீற்றருக்கு இறங்கிட்டுது.

இனித்தான் விசயம். லேசரால தூரம் அளக்கிறதெண்டா அலைகளை எண்ணுறது. ஒரு அலை 1064 நனோமீற்றர். லேசரின்ர மீடிறன் நகர்ந்தா அலைநீளம் மாறும், செய்மதி அசையாமலே தூரம் மாறின மாதிரிக் கணக்கு வரும். மீடிறன் எத்தினையில ஒரு பங்கு பிழைக்குதோ, தூரமும் அதே பங்கு பிழைக்கும். இந்த லேசரின்ர மீடிறன் கிட்டத்தட்ட 282 திரில்லியன் ஹேட்ஸ். அதில 30 ஹேட்ஸ் ஆடினா, 220 கிலோமீற்றருக்கு 20 நனோமீற்றர் சொச்சம் பிழை. லேசரைச் சும்மா விட்டா? அதுக்குள்ள இருக்கிற பளிங்கு ஒரு பாகை சூடேறினாலே மூண்டு பில்லியன் ஹேட்ஸ் அளவில ஓடிப்போகும். லேசர் எண்டா சுத்தமான ஒரே நிறம் எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சதை இப்ப மறந்துடுங்கோ.

அதால லேசரை ஒரு நீளத்தோட கட்டுறது. ஒரு கண்ணாடிக் குற்றி, நடுவால துளை, ரண்டு நுனியிலயும் ஒவ்வொரு ஆடி. பசை பூசுறேல்லை. ரண்டு முகத்தையும் அவ்வளவு தட்டையா மினுக்கி ஒண்டோட ஒண்டு வைச்சா தானே பிடிச்சுக்கொள்ளும். ஆய்வுகூடத்தில இதைக் கேவிட்டி எண்டுவினம். ஆடிகளுக்கு நடுவில அரை அலைகள் முழு எண்ணிக்கையில அடங்கினா மட்டும்தான் ஒளி உள்ள போகும்.

[திரை: 10 சென்ரிமீற்றர் குற்றி, உள்ள ஒளி போய் வாற அசைவூட்டம்]

எனக்கு ஆகப் பிடிச்ச இடம் இதுதான், கொஞ்சம் நிண்டு பாப்பம். 10 சென்ரிமீற்றர்க் குற்றி. நல்ல ஆடி போட்டா, உள்ள போன ஒளி மங்கிறதுக்கிடையில 30 மைக்ரோ செக்கன் சொச்சம் அங்கயும் இஞ்சயும் ஓடும். அந்த நேரத்தில அது ஓடின தூரம் ஒன்பதரைக் கிலோமீற்றர். கிளிநொச்சிச் சந்தியில வெளிக்கிட்டு, பரந்தனைத் தொட்டு, திரும்பி வாற அளவு, எல்லாம் ஒரு உள்ளங்கைக்குள்ள! அதாலதான் உள்ள விடுற மீடிறன் வாசல் வெறும் 5 கிலோஹேட்ஸ் அகலம். 1-க்குப் பின்னால 15 பூச்சியம் போட்ட எண்ணில ஒரு பங்கு உறுதி வேணுமெண்டா, இந்தக் குற்றியின்ர நீளம் புரோத்தனின்ர விட்டத்தில பதினேழில ஒரு பங்குக்கு மேல மாறக்கூடாது. ஆடியின்ர மேற்பரப்பே அணுக்களால ஆனது, பிறகு எப்பிடி அணுக்கருவை விடச் சின்ன அசைவு எண்டு கேப்பியள். ஒளிப்பொட்டு ஒரு அணுவைப் பாக்கிறேல்லை. அரை மில்லிமீற்றர் அகலத்துக்கு, லட்சம் கோடி அணுக்களுக்கு மேல ஒண்டாச் சேர்த்துச் சராசரி எடுக்குது.

இனி லேசரைக் கேவிட்டியோட பூட்டுறது. லேசர், பிறகு ஒளி திரும்பி வராமத் தடுக்கிற ஐசொலேற்றர். அடுத்தது மின்-ஒளி மொடியூலேற்றர். இது 20 மெகாஹேட்ஸ் அளவில ஒளியின்ர கட்டத்தை, அதாவது அலையின்ர ஏற்ற இறக்க நிலையை, ஆட்டி, மீடிறன் கொஞ்சம் கூடினதும் குறைஞ்சதுமா ரண்டு பக்கமும் பக்கப்பட்டி ஒவ்வொண்டு உண்டாக்கும். பிறகு வில்லைகள், கேவிட்டி. பக்கப்பட்டிகள் உள்ள போகாம அப்பிடியே தெறிச்சு வரும். நடு ஒளி உள்ள போய்க் கசிஞ்சு வரும். ரண்டும் ஒளி டயோட்டில மோதேக்க வாற 20 மெகாஹேட்ஸ் துடிப்பை, முந்தி ஆட்டின அதே அலையோட மிக்சரில கலந்தா, லேசர் கூடிப்போச்சோ குறைஞ்சுபோச்சோ எண்டு கூட்டல் கழித்தல் குறியோட விடை வரும். அதை லேசருக்குத் திருப்பிக் குடுக்கிறது: விரைவான திருத்தம் பியசோவுக்கு (மின்னழுத்தம் குடுத்தா நீளுற துண்டு), மெதுவான திருத்தம் வெப்பநிலைக்கு. பவுண்ட் எண்ட பௌதிகவியலாளர் நுண்ணலைக்குச் செய்த யோசினையை ட்ரெவர், ஹோல் எண்ட ஆய்வாளர்கள் ஒளிக்குக் கொண்டுவந்து 1983-ல வெளியிட்டவை.

பிழைக்கிற இடம் ரண்டு. ஒண்டு, ஒளி சரியா நேராக்கப்படாட்டிப் பக்கத்துப் பரிவு வடிவத்தில, அதாவது பொட்டு வேற வடிவா வாற இன்னொரு வாசலில, போய்ப் பூட்டும். குறி வடிவா இருக்கும், ஆனா பிழையான இடம். அதால கேவிட்டிக்குப் பின்னால ஒரு கமெரா வைச்சு, ஒற்றை வட்டப் பொட்டோ, ரண்டாப் பிளந்த பொட்டோ எண்டு பாருங்கோ. மற்றது, மொடியூலேற்றருக்குள்ள போற ஒளியின்ர முனைவு (அலை ஆடுற திசை) பளிங்கின்ர அச்சோட பொருந்தாட்டிப் பிரகாசமும் சேர்ந்து ஆடும், பூச்சியப் புள்ளி நகரும். 5 கிலோஹேட்ஸ் வாசலில பத்தாயிரத்தில ஒரு பங்கு நகர்ந்தாலே அரை ஹேட்ஸ் போச்சு. பாதையில இருக்கிற ஒவ்வொரு கண்ணாடியையும் துளி சரிச்சு வையுங்கோ. நேருக்கு நேரா ரண்டு முகம் இருந்தா அதுவும் ஒரு கள்ளக் கேவிட்டி ஆகிடும்.

[திரை: வெப்பநிலை–நீளம் வளைகோடு]

இப்ப பெரிய எதிரி, வெக்கை. உருக்குக் குற்றி எண்டா ஒரு பாகைக்கு 10 சென்ரிமீற்றரில 1.2 மைக்ரோமீற்றர் நீளும். ஒரு முழு அலையை விடக் கூட! அதால யூஎல்இ எண்ட தைத்தேனியம் கலந்த சிலிக்காக் கண்ணாடி. இதுக்கு ஒரு விசேசம் இருக்கு: ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில சூடேத்தினாலும் நீளாது, குளிராக்கினாலும் சுருங்காது. வளைகோட்டின்ர அடிப்புள்ளி அது. அந்தப் புள்ளி ஒவ்வொரு வார்ப்புக்கும் வேற வேற. கம்பனி தாற தாளை நம்பிக்கொண்டு இருக்கேலாது, தேடவேணும். வெப்பநிலையை ஒரு பாகை மாத்தி, குற்றி ஆறி அமரும் மட்டும் காத்திருந்து, வேற உறுதியான லேசரோட துடிப்பைப் பாத்துக் குறிக்கிறது. வெற்றிடத்துக்குள்ள மினுக்கின உலோகக் கவசம் ரண்டு மூண்டு அடுக்கு இருக்கிறதால ஒவ்வொரு படிக்கும் நாள்கணக்கு. அவசரப்பட்டா வளைகோடு கோணலா வரும், அடிப்புள்ளி பிழைக்கும். புள்ளியிலயிருந்து ஒரு பாகை விலகி நிண்டா, ஆயிரத்தில ஒரு பாகை ஆட்டம் கூடக் கண்டிப்பாத் தெரியும்.

சரி, இதைக் கிளிநொச்சி அறிவியல்நகரில வைக்கிறமெண்டு வையுங்கோ. வெளியில 34 பாகை. குற்றியின்ர புள்ளி 15 பாகையில வந்தா? பெல்ரியர் எண்ட மின்குளிராக்கித் தட்டு வைச்சுக் குளிராக்கவேணும். வெற்றிடக் கூட்டின்ர வெளிச்சுவரைக் குளிராக்கினீங்களோ, எங்கட ஈரக்காத்துக்கு யன்னலில பனித்துளி கட்டும், ஒளி சிதறும். அதால குளிராக்கிற தட்டை வெற்றிடத்துக்கு உள்ளயே வைக்கிறதுதான் சரி. ஆகத் திறம், புள்ளி அறை வெப்பநிலைக்குக் கொஞ்சம் மேல இருக்கிற வார்ப்பைக் கேட்டு வாங்கிறது. சூடாக்கிறது எப்பவும் லேசு. இன்னொரு பொறி: வெப்ப நடுக்கத்தால வாற இரைச்சல் குறையுமெண்டு ஆடிக்கு மட்டும் சாதாரண சிலிக்கா போட்டா, புள்ளி பல பத்துப் பாகை கீழ இறங்கிடும். அதுக்கு ஆடியின்ர முதுகில யூஎல்இ வளையம் ஒட்டித் திருப்பித் தூக்கிறவை. மின்வெட்டு வந்தா? யூபிஎஸ் இல்லாட்டி, அமர்ந்த வெப்பநிலை திரும்பி வர உங்களுக்கு இன்னொரு கிழமை.

காத்து: உள்ள ஒரு மில்லிபாரின்ர கோடியில ஒரு பங்கு இருந்தாலும், அது 4 வீதம் கூடிக் குறைஞ்சா சரி, கணக்குப் பிழைக்கும். மிச்சக் காத்தைப் பிடிக்கிற அயன் பம்ப் எப்பவும் ஓடவேணும்.

அதிர்வு: கண்டி வீதியில லொறி போனாலே குற்றி வளையும். 50 மில்லிமீற்றர் கனசதுரமா வெட்டி, மூலைகளைச் சீவி, நாலு மூலையில சமச்சீராப் பிடிச்சா வளைவு ஒண்டையொண்டு வெட்டிவிடும். பிரித்தானியாவின்ர தேசிய பௌதிக ஆய்வுகூடம் (என்பிஎல்) செய்த வடிவம். செய்மதிக்கு இது இன்னும் முக்கியம், ஏவேக்க உலுக்கிற உலுக்கில வெறுமனே றப்பர் உருண்டையில வைச்ச குற்றி பொடிப்பொடி.

இதெல்லாம் வெண்டாலும் ஒரு சுவர் மிஞ்சும். ஆடியின்ர பூச்சில இருக்கிற மூலக்கூறுகளே வெப்பத்தால நடுங்கும். நான் கேட்டா, இனிச் சண்டை முழுக்க இந்தப் பூச்சோடதான். ஜெர்மனியின்ர பிடிபி எண்ட தேசிய அளவியல் நிறுவனமும் அமெரிக்காவின்ர ஜீலா எண்ட ஆய்வு நிறுவனமும் கண்ணாடியை விட்டுட்டுச் சிலிக்கன் பளிங்கை மறை 149 பாகைக்கு இறக்கிச்சினம், சிலிக்கனின்ர அடிப்புள்ளி அங்க இருக்கு. 2017-ல லேசரின்ர வரியகலம் (மீடிறன் பரவுற அகலம்) 10 மில்லிஹேட்சுக்குக் கீழ வந்தது.

குற்றிக்கு ஒரு குறை: தன்ர மீடிறன் எத்தினை எண்டு அதுக்கே தெரியாது, 1.5 பில்லியன் ஹேட்சுக்கு ஒரு வாசல், எல்லாம் ஒரே மாதிரி. அயடீன் ஆவிக்குத் தெரியும். 1064-ஐ 532 நனோமீற்றர்ப் பச்சையாக்கி அயடீன் குப்பிக்குள்ள விட்டா, மூலக்கூறு உறிஞ்சிற இடம் என்றைக்கும் ஒண்டுதான். குப்பியின்ர ஒரு விரலைக் குளிரா வைச்சு அமுக்கத்தைக் கட்டுப்படுத்தவேணும். அதை விட்டா அந்த உறிஞ்சிற இடமும் நகரும். 2018 மே மாதம் ஜோகரஸ் எண்ட அயடீன் பெட்டி சுவீடனிலயிருந்து றொக்கற்றில போய் வந்தது.

நீளத்தையும் மூலக்கூறையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு, வேகம் மாறேக்க ரண்டும் பிரியுதோ எண்டு பாத்தா அது 1932-ல கென்னடியும் தோண்டைக்கும் செய்த சார்பியல் சோதனை. செங்குத்தா ரண்டு குற்றி வைச்சுச் சுழட்டினா, ஒளிவேகம் எல்லாத் திசையிலயும் ஒண்டோ எண்டு பாக்கிற மைக்கல்சன்–மோர்லி சோதனை. 2009-ல ரண்டு குழுக்கள் 1-க்குப் பின்னால 17 பூச்சியம் போட்ட எண்ணில ஒரு பங்கு மட்டத்தில தேடிப்பாத்தும் ஐன்ஸ்டைன் தப்பிட்டார்.

கடைசியா ஈர்ப்பலைகளைத் தேடப்போற லிசா, 2035 அளவில போகும். மூண்டு செய்மதி, ஒண்டுக்கொண்டு 25 லட்சம் கிலோமீற்றர், இந்த இடைவெளியைத்தான் கை எண்டுறது. கைகள் சமனெண்டா லேசர் ஆட்டம் வெட்டுப்படும். ஆனா ஒரு வீதம் வரை வித்தியாசம் வரும், 25,000 கிலோமீற்றர். அதில அதே 30 ஹேட்ஸ் ஆட்டம் 2.5 மைக்ரோமீற்றர்ப் பிழை, வேண்டியது 10 பிக்கோமீற்றர் மட்டம். இரண்டரை லட்சம் மடங்கு இடிக்குது! மிச்சத்தைப் பூமியில கணினிதான் கழிக்கும்: ஒவ்வொரு கையின்ர தாமதத்தையும் கணக்கெடுத்து அளவீடுகளை நகர்த்திச் சேர்க்கிறது. அதுக்குத் தனி வீடியோ வேணும். வேணுமெண்டவை கீழ எழுதுங்கோ, கூடவே இதுக்கும் விடை போடுங்கோ: 20 சென்ரிமீற்றர்க் குற்றி எண்டா வாசலுக்கு வாசல் எத்தினை ஹேட்ஸ்?